எழுதியது எங்கே போயிற்று?

வடமராட்சியிலே எமக்கு மிகவும் வேண்டிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இளைப்பாறிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் சும்மா இருக்கத் தெரியாதவர். பழைய வீதிகளின் ஓரத்திலே நின்ற சுமைதாங்கிகள், ஆவுரஞ்சிக் கற்கள், கேணிகள், மடங்கள் ஆகியவற்றைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கொப்பிகள் பலவற்றை நிறைத்து வைத்திருந்தார். கனடாவிலே வாழும் அவருடைய மகள் சென்ற விடுமுறைக்கு வந்திருந்தபோது, தகப்பனாருக்கென ஒரு வலைப்பதிவைத் திறந்து, சுமைதாங்கிகளைப் பற்றிய கட்டுரையை முதலாவதாக அதில் ஏற்றிவிட்டுப் போனாள்.

நான்கு நாள் கழித்து மாஸ்ரர் சைக்கிளில் வந்து எமது படலையைத் திறந்தார். முகத்திலே வாட்டம்.

"தம்பி, எழுதிப் போட்டு நாலு நாளாச்சுது. கூகிளிலை தேடித் தேடிப் பாக்கிறன், ஒண்டும் வருகுதில்லை. எங்கட எழுத்தெண்டால் அவைக்கு இளக்காரமோ?"

இந்த முறைப்பாட்டை நாம் சிரித்துத் தள்ளிவிடவில்லை. எழுதி வெளியிட்ட ஒன்று, தேடுபவருக்கு அகப்படாமற் போனால் அதனை எழுதாமலே இருந்திருக்கலாமே என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் இளக்காரம் என்று அவர் கண்ட காரணம் மட்டும் சரியன்று. காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் தேடுபொறி என்பது என்ன செய்கிறது என்று முதலில் அறிய வேண்டும்.

தேடுபொறியிலே ஒரு சொல்லை இட்டு விசையை அழுத்தியதும், அது அக்கணமே உலகமெங்கும் ஓடித் தேடுகிறது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படி ஓடித் தேடுவதாயின் விடை வருவதற்குள் நாம் கிழவராகிவிடுவோம். அது முன்னரே ஓடித் திரிந்து, கண்ட பக்கங்களையெல்லாம் வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அச்சொல் காணப்படும் பக்கங்களின் விலாசங்களைக் குறித்து வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்தக் குறிப்பைப் புரட்டி விடை சொல்கிறது. பெரிய நூல்களின் கடைசியிலே சொல்லடைவு என்று சில பக்கங்கள் இருக்கின்றனவே, அது போன்றதே இதுவும்; ஒரு நூலுக்கு அல்லாமல் இணையம் முழுவதற்கும் செய்யப்பட்டது என்பதே வேற்றுமை.

சொல்லைக் கொண்டு பொருளை எடுக்கும் இந்த வித்தை தமிழருக்குப் புதிதன்று. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையாகப் பிரித்துச் செய்யுளில் அடுக்கியவை. மனனஞ் செய்தவனுக்கே அவை பயன்படும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசைப்படி அமைத்த பின்னர், மனனஞ் செய்யாதவனும் ஒரு சொல்லைத் தேடி எடுத்தல் எளிதாயிற்று. எமது யாழ்ப்பாணமும் இத்துறையிலே பின்னின்றதில்லை. 1842இல் மானிப்பாயிலே அச்சான யாழ்ப்பாண அகராதியும், 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதானகோசமும் இந்த மண்ணிலிருந்தே வந்தவை. மாஸ்ரருக்கு அபிதானகோசம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கூகிளும் ஒரு முத்துத்தம்பிப்பிள்ளைதான் எண்டு சொல்லும்" என்றார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் முத்துத்தம்பிப்பிள்ளை ஏட்டையும் நூலையும் தாமே தேடிச் சென்றார். இங்கே தேடிச் செல்வது ஒரு கணினி நிரல். சிலந்தி என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிலந்தி எப்படி ஒரு புதிய பக்கத்தை அறிகிறது? எமது ஊர்களிலே பெரிய வீதியிலிருந்து ஒழுங்கை பிரியும். ஒழுங்கையிலிருந்து குச்சொழுங்கை பிரியும். சிலந்தி, தனக்கு முன்னரே தெரிந்த பக்கங்களிலே தொடங்கி, அவற்றிலுள்ள இணைப்புகளாகிய ஒழுங்கைகள் வழியே போய்ப் போய்ப் புதிய பக்கங்களைக் காண்கிறது. ஒழுங்கையே இல்லாத வளவின் நடுவே ஒருவர் மாளிகை கட்டிவிட்டுத் தபாற்காரர் வரவில்லையே என்று கோபித்தால் என்ன செய்வது? 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர் கூகிளை நிறுவியபோது அவர்கள் கண்ட புதுமையும் இந்த இணைப்புகளைப் பற்றியதே. ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்கள் எத்தகைய மதிப்புடையன என்று பார்த்து அதன் தரத்தைக் கணித்தார்கள்.

இணைப்பு இல்லாவிடினும் வேறொரு வழி உண்டு. ஒரு தளத்தின் பக்கங்களையெல்லாம் பட்டியலிட்டுத் தேடுபொறிக்குக் கொடுக்கும் தளவரைபடம் என்னும் முறையை 2005இல் கூகிள் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டிலே யாகூவும் மைக்ரோசொப்ட்டும் அதனை ஏற்றன. இன்றைய வலைப்பதிவுச் சேவைகள் பெரும்பாலும் இதனைத் தாமாகவே செய்துவிடுகின்றன. மாஸ்ரரின் பதிவுக்கும் அது இருந்தது. ஆயினும் வரைபடம் கொடுப்பது கலியாணத்துக்கு அழைப்பிதழ் கொடுப்பது போன்றது. வருவதும் வராமல் விடுவதும் அழைக்கப்பட்டவர் விருப்பம். நாள்தோறும் பலமுறை செய்தி வெளியிடும் பத்திரிகைத் தளங்களுக்குச் சிலந்தி அடிக்கடி வரும். அங்கே ஒரு செய்தி சில நிமிடங்களிலேயே தேடலில் தோன்றிவிடும். நேற்றுத் திறந்து ஒரேயொரு கட்டுரையைக் கொண்டிருக்கும் தளத்துக்கு அது ஆறுதலாகத்தான் வரும். சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம் என்றும், எல்லாப் பக்கங்களையும் சேர்ப்போம் என்று உறுதி கூற இயலாது என்றும் கூகிளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. தளத்தை நடத்துபவர் 'இந்தப் பக்கத்தைப் பாருங்கள்' என்று விண்ணப்பிக்க ஒரு பொத்தான் உண்டு. அதனை மாஸ்ரர் காலையும் மாலையும் அழுத்திவந்திருக்கிறார். ஒரே பக்கத்துக்குப் பலமுறை விண்ணப்பிப்பதாற் சிலந்தி விரைந்து வருவதில்லை என்று நாம் சொல்ல, "கச்சேரியிலையும் அப்பிடித்தானே" என்று சமாதானமானார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நான்கு நாளுக்குள் அக்கட்டுரையை நூற்றுக்கணக்கானோர் வாசித்துவிட்டார்கள். அவரிடம் படித்த பழைய மாணவர்கள் அதனைப் பிரதி செய்து வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஊர்க்குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குழுக்களெல்லாம் கதவடைத்த அறைகள். சிலந்தி அங்கே நுழையமாட்டாது. முகநூலிலும் பெரும்பகுதி அப்படியே. முன்னர் தமிழில் வலைப்பதிவுகள் பெருகிய காலத்திலே, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய இடுகைகளை ஒரே முகப்பிலே பட்டியலிட்டுக் காட்டின. வாசகருக்கு மட்டுமன்றிச் சிலந்திக்கும் அது பெரிய வீதியாக இருந்தது. பின்னர் எழுதுவோரிற் பலர் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எமது ஊர்களைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றில் எவ்வளவோ நல்ல செய்திகள் அங்கே ஒருநாட் பொழுது விருப்பக்குறிகளைப் பெற்றுவிட்டு அடியிலே போய் அமிழ்ந்துவிடுகின்றன. எமக்கு இதிலே மிகுந்த மனக்குறை உண்டு.

இதைவிட வருத்தமான கதை ஒன்றையும் சொல்லவேண்டும். 1990களிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்து எம்மவர் நடத்திய தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களிலே எழுதப்பட்டன. பாமினியிலே திரையில் நாம் காண்பது தமிழ். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நாம் வாசிப்பது அங்கே எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்று கிடக்கும். சொல்லடைவு செய்ய வருகிற நிரல் அந்த அரைப்புள்ளியையும் எழுத்துகளையும் கண்டு, இது எந்த மொழியிலும் இல்லாத சொல் என்று எழுதிக்கொண்டு போகும். தமிழிலே 'அம்மா' என்று தேடுபவருக்கு அது எக்காலமும் அகப்படாது. ஒருங்குறி 1991இல் வெளியான தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வைத்திருந்தது. வீட்டுக் கணினிகளில் அது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே பரவலாயிற்று. இடைப்பட்ட காலத்திலே எழுதப்பட்டவை கண்ணுக்குத் தமிழாகவும் தேடலுக்கு அந்நியமாகவும் நின்றுவிட்டன. எமது மைத்துனர் ஒருவர் அந்நாளிலே ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்தில் தம் ஊர்நினைவுகளைப் பாமினியில் எழுதி வைத்திருந்தார். 2009 ஒக்ரோபரில் அந்தச் சேவையை யாகூ மூடிவிட்டது. அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகம் 1996 முதல் இத்தகைய பக்கங்களைப் படியெடுத்து வைத்துவருகிறது. ஆனால் அங்கே போய் எடுப்பதற்குப் பழைய விலாசம் தெரிந்திருக்க வேண்டும். மைத்துனர் காலமாகிவிட்டார், விலாசம் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மாஸ்ரரின் கட்டுரை நல்லவேளையாக ஒருங்குறியிலே இருந்தது. அதிலிருந்த குறை தலைப்பிலே. 'மறக்க முடியுமா?' என்று தலைப்பிட்டிருந்தார். எமது நாட்டுக் கட்டுரையாளருக்கு இத்தலைப்பில் உள்ள மோகம் பெரிது. ஆனால் வெளிநாட்டிலே இருந்து தன் பாட்டியாரின் ஊரைத் தேடுகிற ஒரு பிள்ளை 'மறக்க முடியுமா' என்றா எழுதித் தேடும்? ஊரின் பெயரையும் சுமைதாங்கி என்ற சொல்லையும் அல்லவா எழுதும்? இதைச் சொன்னபோது, தலைப்பின் அழகு கெட்டுவிடுமே என்று மாஸ்ரர் நெடுநேரம் வாதிட்டார். முடிவிலே 'பருத்தித்துறை வீதிச் சுமைதாங்கிகள்: மறக்க முடியுமா?' என்று இரு தரப்பும் இணங்கினோம். ஊர்ப்பெயர்களையும் கட்டுரையினுள்ளே சுருக்காமல் முழுமையாக எழுதினார். எழுத்துக்கூட்டலிலும் எமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நாம் ரொறன்ரோ என்கிறோம். தமிழ்நாட்டார் டொராண்டோ என்கிறார்கள். நாம் ரி என்பதை அவர்கள் டி என்பார்கள். தேடுபொறி இப்போது இவற்றையெல்லாம் ஓரளவு ஒன்றென உணர்ந்துகொள்கிறது, எப்போதும் அன்று. பின்பு எமது வேண்டுகோளின்படி, ஊர்ச் சங்கமொன்றின் தளத்தை நடத்தும் இளைஞர் தம் முகப்பிலிருந்து ஓர் இணைப்புக் கொடுத்தார்.

பதினோராம் நாள் கட்டுரை தேடலிலே தோன்றிற்று. சில மாதங்களின் பின் நோர்வேயிலிருந்து ஒரு பெண் மாஸ்ரருக்கு எழுதியிருந்தாள். கர்ப்பவதியாய் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது எமது முன்னோர் வழக்கம். தன் பூட்டியாரின் தமக்கைக்கு அப்படி ஒரு கல் நாட்டப்பட்டதென்று வீட்டிலே சொல்லக் கேட்டிருக்கிறாளாம். ஊர்ப்பெயரை இட்டுத் தேடியபோது இக்கட்டுரை அகப்பட்டதாம். அந்தக் கல் இன்னும் நிற்கிறதா என்று கேட்டிருந்தாள். நிற்கவில்லை. வீதியை அகலித்தபோது அது போய்விட்டது. கல்லிலே வெட்டியிருந்த பெயரையும் ஆண்டையும் மாஸ்ரர் தம் கொப்பியிலே முன்னரே குறித்திருந்தபடியால், அவற்றை எழுதி அனுப்பினார்.

1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்பது இந்த நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. அந்த இழப்பை நன்குணர்ந்த இளைஞர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் படமாக்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. படமாக்கப்பட்ட பக்கம் மனிதக் கண்ணுக்கு எழுத்து. சிலந்திக்கு வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் நிரல்கள் வந்திருந்தும், மங்கிய பழைய அச்சிலே அவை இன்னும் தடுமாறுகின்றன. ஆகவே அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனிப்பக்கம் அமைத்து, பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகியவற்றைக் கையால் தட்டெழுதி வைக்கிறார்கள். சஞ்சிகைகளாயின் உள்ளடக்கத்தையும் எழுதிவிடுகிறார்கள். வெளியே இருந்து தேடுபவரைப் பெரும்பாலும் உள்ளே அழைத்துவருவது இந்தத் தட்டெழுத்துத்தான்.

அந்நூலகத்திலே நினைவு மலர்களுக்கென ஒரு பகுதி உண்டு. முப்பத்தோராம் நாள் கிரியையின்போது எமது வீடுகளிலே கையளிக்கப்படும் அச்சிறு நூல்களிலே, வேறெங்கும் காணாத வம்சாவளியும் ஊர்ச்செய்தியும் இருப்பதுண்டு. எமது அலுமாரியிலும் பதினேழு மலர்கள் கிடந்தன. அவற்றைப் படமாக்கக் கொடுப்பதற்கு முன்னர், ஒவ்வொன்றின் அட்டையிலும் முழுப்பெயரும் ஊரும் இருக்கின்றனவா என்று இருந்து பார்த்தோம். நான்கிலே இல்லை. அவற்றை உள்ளே தேடி, ஒரு தாளிலே எழுதிச் சேர்த்தோம். ஒன்றின் அட்டையிலே ஒரு குத்துவிளக்கின் படமும் 'எங்கள் அம்மா' என்ற இரண்டு சொற்களும் அன்றி வேறொன்றுமில்லை. அம்மையாரின் பெயர் பதினோராம் பக்கத்திலே, வம்சாவளியின் மூன்றாம் வரியில், மிகச் சிறிய எழுத்திலே அச்சாகியிருந்தது.