நிமிடத்துக்கு எத்தனை சொட்டு

சிவகாசிப் பக்கம் வெடி விபத்து நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் ஒரு சதவீதம் வரும். இன்னார் 40 சதவீதத் தீக்காயங்களுடன் அனுமதி, இன்னார் 60 சதவீதம். இறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தச் சதவீதத்தை வைத்து ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் நண்பரிடம் கேட்டேன். "டாக்டர்கிட்ட கேக்காத, சிஸ்டர்கிட்ட கேளு. அந்த நம்பர் கடைசில அவங்க கட்டைவிரலுக்குத்தான் வந்து சேருது" என்றார். விருதுநகர் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைபார்க்கும் செவிலியரை அவரே அறிமுகம் செய்துவைத்தார். தன் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

தீக்காயப் பிரிவுக்குள் வெளியாளை விட மாட்டார்கள். தோல் போன உடம்புக்கு என் செருப்பும் மூச்சுமே ஆபத்து. ஆகவே பயிற்சி அறையில், ஜன்னல் கம்பியில் ஒரு சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, கீழே ஒரு தட்டை வைத்து சிஸ்டர் எனக்கு வகுப்பெடுத்தார்.

டிரிப்ஸ் ஏற்றும் குழாயில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு கோத்திருக்கும். அதற்குள் பல் வைத்த சின்னச் சக்கரம். கூட்டின் தரை சரிவாக இருக்கும். சக்கரத்தைக் கீழே தள்ளத் தள்ள இடைவெளி குறைந்து, நடுவில் கிடக்கும் குழாய் நசுங்கும். தோட்டத்துக் குழாயை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்துகிறோமே, அதே வேலைதான். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் திருகு, வாஷர், பித்தளை எல்லாம் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கும். இந்தச் சக்கரம் மருந்தைத் தொடுவதே இல்லை. வெளியிலிருந்து பிசைகிறது, அவ்வளவுதான். உள்ளே கிருமி போக வழியில்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை, வேலை முடிந்தால் குழாயோடு தூக்கிப் போட்டுவிடலாம். சுரங்கத்துச் சேற்றுக் குழம்பையும் சிமென்ட் தூளையும் கடத்தும் பெரிய ஆலைகளிலும் ரப்பர் உறையை வெளியிலிருந்து அமுக்கியே ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். அங்கே வால்வின் விலை ஆயிரங்களில். இங்கே அது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"நீங்களே வைங்க சார், நிமிஷத்துக்கு அறுபது."

சக்கரத்தை மயிரிழை நகர்த்தினேன். சொட்டு நின்றேபோனது. திரும்ப நகர்த்தினால் கோடாக ஒழுகியது. குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உருண்டைக் குழாய்க்கு அது பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்கிறது இயற்பியல். நசுங்கிய குழாய்க்குக் கணக்கு சற்று வேறென்றாலும் குணம் அதேதான். என் கட்டைவிரலுக்கு அந்த நுணுக்கம் இல்லை. சிஸ்டர் சக்கரத்தைத் தள்ளவே இல்லை. விரலின் சதையை அதன்மேல் வைத்து லேசாகச் சாய்த்தார். கண், பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் சொட்டறையில்; மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை ஒரு பார்வை. பதினைந்து நொடியில் பதினைந்து சொட்டு. "இப்ப டீ குடிச்சுட்டு வந்து பாப்போம்" என்றார்.

வந்து எண்ணினால் ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை. பிளாஸ்டிக் குழாய் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடந்தால் மெல்ல மெல்ல அந்த வடிவத்துக்கே இணங்கிவிடுமாம். பாட்டிலில் மட்டம் இறங்கினால் மாறும், கட்டிலை உயர்த்தினால் மாறும், நோயாளி கையை மடக்கினால் மாறும். அதனால் வைத்துவிட்டுப் போய்விட முடியாது. திரும்பத் திரும்ப வந்து எண்ண வேண்டும். நசுங்கி நசுங்கிக் குழாய் சோர்ந்துவிட்டால் கூட்டை நாலு விரற்கடை மேலே நகர்த்திப் புது இடத்தில் பிடிப்பார்கள்.

இனி அந்தச் சதவீதம். வெந்த உடம்பில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர் தசைக்குள் இறங்கி உடம்பு வீங்குகிறது. குழாய்க்குள் ரத்தம் வற்றுகிறது. அழுத்தம் விழுந்து சிறுநீரகம் நின்றுபோகும். முதல் ஒரு நாள் இந்தக் கசிவுக்கு ஈடுகொடுத்து ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் சாதா சலைன் கூடாது என்று அவர் சொன்ன ரசாயனம் என் தலைக்கு மேலே போய்விட்டது, அதை விட்டுவிடுகிறேன். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துப் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960-களில் வகுத்த சூத்திரம் இருக்கிறது. உடல் எடையைத் தீக்காயச் சதவீதத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்கினால் வருவது 24 மணி நேரத்துக்கான மில்லிலிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

செய்தித்தாள் போடும் சதவீதம் இங்கேதான் நுழைகிறது. ஒரு கை 9, ஒரு கால் 18, நெஞ்சும் வயிறும் சேர்ந்து 18, முதுகுப்பக்கம் 18, தலை 9. அங்கங்கே தெறித்த காயத்துக்கு நோயாளியின் உள்ளங்கைதான் அளவு. விரல்களோடு சேர்த்தால் ஒரு சதவீதம்.

சிஸ்டர் தாளில் போட்டுக் காட்டினார். ஐம்பது கிலோ எடையுள்ள பெண், 40 சதவீதம். மொத்தம் 8,000 மில்லி, எட்டு மணி நேரத்தில் 4,000. மணிக்கு 500 மில்லி, அதாவது ஒரு பாட்டில். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 167. "அதைக் கண்ணால எண்ண முடியாது சார். ரெண்டு கைலயும் லைன் போட்டு ஒண்ணுக்கு எண்பத்திமூணு, எண்பத்திநாலுன்னு வெச்சுக்கிடுவோம்." வெந்த கையில் ஊசி குத்த நரம்பு கிடைப்பது தனிக்கதை.

ஏற்றிக்கொண்டே போனாலும் ஆபத்து. நீர் கூடினால் நுரையீரல் நனையும், வீங்கிய கைகால்களில் ரத்த ஓட்டம் தடைப்படும். அதனால் இப்போது நாலுக்குப் பதில் இரண்டால் பெருக்கித் தொடங்குகிறவர்களும் உண்டு. கடைசியில் தீர்ப்புச் சொல்வது கட்டிலுக்கு அடியில் தொங்கும் சிறுநீர்ப் பைதான். கிலோவுக்கு அரை மில்லி வீதம், அந்தப் பெண்ணுக்கு மணிக்கு 25 மில்லி இறங்க வேண்டும். குறைந்தால் சக்கரம் மேலே, கூடினால் கீழே. விடியவிடிய இதுதான் வேலை.

இதையே செய்யும் பம்புகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குள்ளும் சிறு விரல்கள் வரிசையாகக் குழாயை அமுக்கி அமுக்கித்தான் நீரைத் தள்ளுகின்றன. "பம்பு இருந்தா நிம்மதி. ஆனா ஒரே நேரத்துல பத்துப் பேர இறக்குனா, பம்பத் தேடவா முடியும்? சக்கரத்த முழுசாத் திறந்து ஓடவிட்டுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து எண்ணுவோம்."

அவர் அம்மா 'பயராபீஸ்'க்குப் போனவர். பட்டாசு ஆலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். "எங்கம்மா திரி சொருகப் போவாக. சாயங்காலம் வரும்போது முகமெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளி கெணக்கா மின்னும். குளிச்சுட்டுத்தான் எங்களத் தொடுவாக." அந்தக் கூலியில் நர்ஸிங் படித்தவர் 2015-ல் ஒப்பந்தச் செவிலியராகச் சேர்ந்தார். அப்போது மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் இருந்திருக்கிறார். ஆலையில் அம்மாவுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. மகளுக்கும் எண்ணிக்கைதான் வேலை, கூலிதான் எண்ணிக்கைக்கு இல்லை. இதைச் சொன்னபோது சிரித்தார்.

எண்ணிக்கையைவிட அவரை அலைக்கழிப்பது கடிகாரம். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து தொடங்குவதில்லை. தீப்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. ஆலைகள் ஊருக்கு வெளியே, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனால் அதே 4,000 மில்லியை ஆறு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். 167 சொட்டு 222 ஆகிவிடும். காயம் பெரிதென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிவகாசியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஓடும் ஆம்புலன்ஸில் பாட்டில் ஆடும், சொட்டறை குலுங்கும், எண்ணுவதெல்லாம் உத்தேசம்தான்.

இந்த இரண்டு மணி நேரத்தைத் தின்பது தூரம் மட்டுமென்றால் எனக்குக் கோபம் வராது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் வரை செத்தார்கள். உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடியவர்களே அதில் நிறைய. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். அச்சங்குளத்துக்குப் பிறகு ஊரறியப் பேசப்பட்டது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைத் தனித்தனியாகப் பலருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். வாடகைக்கு எடுத்தவன் தீபாவளிக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். ஓர் அறைக்கு நாலு பேர் என்ற விதி காற்றில் போகிறது, மரத்தடியில் வேலை நடக்கிறது. ஆளைக் கூட்டிவருகிறவனுக்குத் தலைக்கு இவ்வளவு, முன்பணம் கொடுத்தவனுக்கு வட்டி, சரக்கை எடுக்கும் ஏஜென்டுக்குக் கமிஷன். இத்தனை பேர் தின்றது போக மிச்சம்தான் திரி சொருகிய விரலுக்கு. வெடித்த பிறகு, காயம்பட்டவரை ஏற்றி அனுப்ப இவர்களில் எவரும் முன்னால் வருவதில்லை; நேரம் அதிலும் போகிறது. உள்ளே யார் இருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்காது. உரிமத்துக்காரர் "நான் விட்டுக் கொடுத்துட்டேனே" என்பார். எடுத்தவன் செல்போனை அணைத்துவிடுவான். மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸா, மாவட்ட வருவாய் அதிகாரி தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸா என்று விசாரணை ஒருபக்கம் ஓடும். இவர்களின் லாபக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. அதைச் சொட்டுச் சொட்டாக அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோம், வரிப்பணத்தில்.

"வந்தவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?" என்றேன்.

"எத்தனை மணிக்கு வெடிச்சதுன்னு கேப்போம். யாருக்கும் தெரியாது சார். ரூமுக்குள்ள செல்லு கொண்டுபோக விட மாட்டாங்க. டீ குடிச்சுட்டு வந்து உக்காந்தோம், அப்புறம் தெரியலம்பாக. கூட வந்த போர்மேன் ஒரு நேரம் சொல்வாரு, பக்கத்து ரூமு ஆளு வேற நேரம் சொல்லும்."

"அப்ப எதை வெச்சு எழுதுவீங்க?"

"108 டிரைவரக் கேப்பேன். அவருக்குக் கால் வந்த நேரம் பதிவுல இருக்கும்ல. அதுல பத்து நிமிஷம் கழிச்சு, பாட்டில் மேல பிளாஸ்டர் ஒட்டி எழுதிருவேன். மதுரைல இறக்குறவங்களும் அதப் பாத்துத்தான வெக்கணும்."