பூனைக்கு யார் தலை சீவுவது?

பிள்ளைகளே, பூனையின் நாக்கில் குட்டிக் குட்டி முட்கள் உண்டு. அதுதான் அதன் சீப்பு! ஆனால் எங்கள் மினு பாரசீகப் பூனை, முடி நீளம். நாக்கு மட்டும் போதாது. அதனால் நானும் என் மகளும் தினமும் 5 நிமிடம் சீவிவிடுவோம். மினு வாலைப் படபடவென்று அடித்தால், "போதும், விடுங்க!" என்று அர்த்தம். உடனே நிறுத்திடுவோம்.

ஒருநாள் மினுவின் காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது.

"கடைக்குப் போனா காசு ஆகுமே! நாமளே வெட்டிடலாமா அம்மா?" என்று மகள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேண்டாம்டா கண்ணு! பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு. முடியோட தோலும் வெட்டுப்படும்" என்றேன்.

பூனைகளுக்கு முடி வெட்டுபவரிடம் கொண்டுபோனோம். அவர் சின்ன மெஷினால் பக்குவமாக எடுத்துவிட்டார்.

தினமும் சீவுவது நம்ம வேலை. அதற்குக் காசு வேண்டாம், பொறுமை போதும். சிக்குக் கட்டியை மட்டும் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.