போர்வை மறைக்காத ஓரம்

கம்பைநல்லூர் வீட்டில் எடுத்த ஒரே குடும்பப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, சதுரம். அக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். யாராவது கண்ணை மூடினால் ஒன்று வீண். அந்தப் பயத்தில் தாத்தா, ஆயா, அத்தைகள் எல்லாரும் விறைத்து நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த எச்.எம்.டி. வாட்ச் படத்தில் விழவேண்டும் என்று அப்பா கையை நெஞ்சோடு மடக்கி வைத்திருக்கிறார். ஒன்றும் நான் பார்த்துப் பழகிய முகமாக இல்லை. ஆயா வாயை மூடிக்கொண்டு இருந்த நேரம் ஏது?

பின்னால் பூப்போட்ட போர்வை. வீட்டுச் சாமான் தெரியக்கூடாதாம். நல்லவேளை, போர்வையின் நீளம் போதவில்லை.

இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, எந்திரம். கைபட்டுக் கைபட்டு வழுவழுத்த முளைக்குச்சிகூடத் தெரிகிறது. கோழி கூவுமுன் ஆயா ஒரு காலை நீட்டி உட்கார்ந்து சுற்ற, குழியில் பிடி பிடியாக ராகி விழ, கல் தன்பாட்டுக்கு அரைத்துக்கொண்டே இருக்கும், பாட்டா பேச்சா என்று பிரிக்கமுடியாத எதையோ அவள் முனகிக்கொண்டே இருப்பாள், அதைக் கேட்டபடியே நாங்கள் மறுபடி கண்ணயர்ந்து போவோமே, அந்தத் தூக்கம். போயிற்று. பெங்களூரில் ராகி மாவு பாக்கெட்டில் வருகிறது, கல்லில்லை, உமியில்லை. மெத்தையும் நல்ல மெத்தைதான். விடியற்காலையில் விழிப்பு வந்தால் வந்ததுதான்.

வலது ஓரத்தில் பாதி லாந்தர். சிம்னிக்குள் சின்னக் கைதான் நுழையும் என்பதால் சாம்பல் போட்டுத் துடைப்பது பிள்ளைகள் வேலை. அதன் கீழே களித் துடுப்பு.

நீங்கள் கேட்பீர்கள், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமே என்று. போகலாம். தேசிநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆறும் இருக்கிறது, மழை பெய்தால் ஆறாக. வீடு பாகம் பிரிந்து, இடிபட்டு, மூன்று மொட்டை மாடிகளாக நிற்கிறது. போனால் பெரிய டம்ளரில் காபி கொடுப்பார்கள். எந்திரம் எங்கே என்று எவரிடம் கேட்பது? உங்கள் ஊரில் மட்டும் யாரிடம் கேட்பீர்கள்?

துடுப்புக்குப் பக்கத்தில் கவட்டையாக ஒரு கட்டை. எனக்குப் பிடிபடவில்லை. சின்ன அத்தைக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“கவக்கோல் கண்ணு. களி கிண்டறப்போ பானை ஆடாம அமுக்கிப் பிடிக்கிறது. நான்தான் பிடிப்பேன். ஆவி மூஞ்சில அடிக்கும். அவரைக்கொட்டைக் குழம்பு ஒரு பக்கம் கொதிக்கும். அம்மா துடுப்பு போட்டா அந்தத் தெருவுக்கே கேக்கும்...”

பேச்சு நின்றது. மூக்கை உறிஞ்சினாள்.

“எங்க மூஞ்சியெல்லாம் வேணாம். அந்த ஓரத்தை மட்டும் பெருசு பண்ணி அனுப்பு.”