அப்பாவின் பென்ஸுக்குப் புது பம்ப்

மே 6
அவிநாசி சாலையில் நடு வெயிலில் வண்டி நின்றுவிட்டது. அப்பாவின் 1996 பென்ஸ் இ220. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின் இருக்கையில் அம்மா. கண் டாக்டரிடம் போக நேரமாகிவிட்டது. ஆட்டோ பிடித்து அனுப்பினேன். சூடு ஆறியதும் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மே 7
தூக்கமில்லை.

மே 10
மெக்கானிக் அண்ணன் வந்தார். "பம்புதான்னு முடிவு பண்ணிராதீங்க தம்பி. மொதல்ல ரிலேவைப் பாப்போம்" என்றார். பழைய ரிலேக்களில் ஈயப்பற்று விரிசல் விட்டு, சூடேறினால் இணைப்பு அறுந்துபோகுமாம். வேறு ரிலே போட்டும் பலனில்லை. என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி, பின்சக்கரத்துக்கு முன்னால் படுத்து, பம்பின் முனைகளில் மீட்டரை வைத்தார். கரண்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை. லேசாக ஒரு தட்டு தட்டியதும் முனகிக்கொண்டு ஓடியது.

அம்பாசடரில் இன்ஜினே பம்பை இயக்கும். கார்புரேட்டருக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஏறினால் போதும். இன்ஜெக்ஷனுக்கு 3 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். இந்த பம்பின் மோட்டாரே பெட்ரோலுக்குள்தான் சுற்றுகிறது. ஓடும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

மே 11
"வித்துப்போடலாமா கண்ணு?" என்றார் அம்மா. பதில் சொல்லவில்லை.

மே 21
பம்ப் வந்தது. ரிலேவைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினார் அண்ணன். பிறகு பேட்டரி வயரை எடுத்தார். ஹோஸைக் கவ்விப் பிடித்தும் பெட்ரோல் சொட்டியது. பக்கெட்டை நான் பிடித்தேன். செம்பு வாஷர்கள் எல்லாம் புதிது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம்.

பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே செம்பழுப்புத் தூள், டேங்கின் துரு. வண்டி ரொம்ப நாள் நின்றால், காலியான இடத்தில் ஈரம் வியர்க்கும் என்றார்.

எட்டிப் பார்த்த அம்மா சொன்னார்: "அதுக்குத்தான் அவர் டேங்க்கை நெறச்சே வெச்சிருப்பார். ஞாயித்துக்கெழம சும்மாவாச்சும் ஒரு சுத்து ஓட்டுவார்."

அப்பா போனபின் ரொம்ப நாள் யாரும் ஓட்டவில்லை.

மே 22
பேரூர்வரை ஓட்டினேன். வெயிலிலும் நிற்கவில்லை.

மே 25
விற்பது பற்றி அதன்பின் பேச்சில்லை. டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பழைய இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பம்பை மாற்றினால் ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். டேங்கில் துரு இருந்தால் புது பம்பும் நிலைக்காது.