பின் சீட்டுப் பிள்ளைகள்

“உனக்கென்னப்பா, மலைக்காற்று வாங்கி வளர்ந்தவன்!” விடுதி நண்பர்கள் என்னைப் பார்த்து அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி இருக்கிறது எங்கள் பூண்டி. ஊர்ப் பேரும் பூண்டி, விளைவதும் பூண்டு. காற்று சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸுக்குள் அந்தக் காற்று ஒருநாளும் வந்ததில்லை நண்பர்களே!

என்னைவிட வயதில் மூத்த பஸ் அது. சமவெளியில் ஓடித் தேய்ந்த பிறகு மலைக்கு வந்தது. காலைக் குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை எல்லாம் மூடி வைத்திருப்போம். ஏற்றத்தில் வண்டி முக்கி முனகும்போது பின்பக்கம் கறுப்புப் புகை கிளம்பும். பின்கதவு இடுக்கு வழியாகவும் தளத்துப் பலகைச் சந்து வழியாகவும் அது உள்ளேயும் வரும். பெரிய பையன்கள் நாங்கள் முன்னால் இடம் பிடித்துக்கொள்வோம். ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கும் பொடிசுகள் எல்லாம் பின் சீட்டில். என் தங்கையும் அங்கேதான் இருப்பாள். வாரத்தில் மூன்று நாள் வாந்தி எடுப்பாள். “மலை ரோடு, வளைவு ஜாஸ்தி, தலை சுத்தத்தான் செய்யும்” என்று அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார். ராத்திரி இருமினால், “பனி ஒத்துக்கல” என்பார்.

ஒருநாள் டிரைவரிடம், “அண்ணே, உள்ளே புகை வருதுண்ணே” என்றேன். “எஃப்.சி. ஆயிடுச்சு தம்பி, வண்டி கண்டிஷன்தான்” என்றார் அவர்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பது ஆட்டோமொபைல் படிக்க வந்த பிறகுதான் புரிந்தது. புகைச் சோதனையில் வண்டியை நிற்க வைத்து, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்க்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரை அனுமதி. ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டியின் கதை வேறு. சுமார் 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சமவெளிக்கு ஏற்றபடி வைத்த பழைய பம்ப்போ அதே அளவு டீசலைத் தள்ளுகிறது. எரியப் போதுமான ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. அரைகுறையாக எரிந்த கரிதான் அந்தக் கறுப்புப் புகை. நாஸில் தேய்ந்து, ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதைவிட ஒன்று: சோதனை எல்லாம் சைலன்சர் வாயில்தான். சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூக்குக்கு வரும் புகையை யாரும் அளப்பதில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். தமிழ்நாடே பதறியது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இன்று கோடை விடுமுறையில் அதிகாரிகள் தளம், அவசர வழி, தீயணைப்பான் எல்லாம் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் பிள்ளை விழும் ஓட்டை கண்ணில் படுகிறது. புகை நுழையும் சந்து படுவதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்ததும் அதே 2012-ல்தான். உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுப்பவர்கள் குழந்தைகள். அவர்களுடைய நுரையீரலும் இன்னும் வளர்கிற நுரையீரல்.

வழி இல்லாமல் இல்லை. 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2002 முடிவதற்குள் டெல்லி நகரப் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறின. 2020 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் பஸ்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பள்ளி பஸ்களை மாற்ற அமெரிக்கா 2021-ல் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. சென்னையில் 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. புதிய வண்டி நகரத்துக்கு முதலில் வருகிறது. எங்கள் மலைக்கு வருவது தேய்ந்த வண்டி. அதிகப் புகை கக்க வைக்கும் சாலைக்கு அல்லவா நல்ல வண்டி முதலில் வர வேண்டும்?

‘பழைய பஸ்ஸை நிறுத்து’ என்று கோஷம் போடுவது சுலபம். நிறுத்தினால் மறுநாள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு போவார்கள். சில பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்க்கும் அப்பாவால் கூடுதல் பஸ் கட்டணம் கட்ட முடியுமா? அதனால் மாற்று வண்டி வாங்க அரசு மானியமோ, வட்டியில்லாக் கடனோ தரவேண்டும். மலைப் பள்ளிகளுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? போன விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் டிரைவர் அண்ணனோடு சேர்ந்து அதே பஸ்ஸில் கை வைத்தோம். சைலன்சர் ஜாயின்ட்டை இறுக்கி, பின்கதவுக்குப் புது ரப்பர் பீடிங் போட்டு, தளத்துச் சந்தை அடைத்து, ஏர் ஃபில்டரை மாற்றினோம். உள்ளே வரும் புகை குறைந்தது, நிற்கவில்லை. “இத்தனை வருஷம் நானும் இதைத்தானே தம்பி இழுத்திருக்கேன்” என்றார் அண்ணன். எனக்குப் பதில் வரவில்லை.

என் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். பின் சீட்டில் வேறொரு பாப்பா, கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குப் பட்டறைக்கும் பஸ் கம்பெனிக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போகப்போகிற நண்பர்களே, அந்தப் பாப்பாவை மறந்துவிடாதீர்கள்!

– மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்