மூக்கின் வாசல்



‘பீனிசம்’ என்ற சொல் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. தலையிடித்தால் பீனிசம், மூக்கடைத்தால் பீனிசம், கண்ணைச் சுற்றிக் குத்தினால் பீனிசம். நொச்சி இலையை அவித்து வேது பிடித்து, நெற்றியில் தைலத்தைப் பூசிக்கொண்டு, அந்தத் தலையிடியோடேயே அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறவர்கள் நம் தாய்மார். ‘இது பரம்பரைச் சீக்கு, தீராது’ என்ற முடிவு வேறு. இது தீரக்கூடிய, குறைந்தபட்சம் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய்; சத்திரசிகிச்சை என்ற சொல்லுக்குப் பயந்து ஒளிக்கவேண்டியதல்ல. அதைச் செய்துகொண்டவன் என்ற முறையில் சில விடயங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் கோப்பாயில் குடியிருக்கும் ஒரு மௌலவி ஆசிரியன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போன சிறுபிள்ளைகளில் ஒருவன். யுத்தம் முடிந்து பல ஆண்டுகளின் பின் ஆசிரியர் நியமனத்தோடு திரும்பி வந்தேன். கோப்பாய் செம்மண் பூமி; வெங்காயமும் புகையிலையும் விளைகின்ற தோட்டங்கள். சோளகம் வீசும் மாதங்களில் அந்தச் செம்மண் தூசு கதவிடுக்கால் வீட்டுக்குள் வந்துவிடும். முன்பே இருந்த மூக்கடைப்பு இங்கு வந்தபின் முற்றிவிட்டது.

மூன்று இழப்புகள்

முதலாவது, ஸுஜூது. குனிந்தால் கன்னத்திலும் புருவத்திலும் பாரம் இறங்கும். நெற்றி தரையைத் தொடும்போது, எப்போது நிமிர்வோம் என்றே மனம் தேடும். நீட்டிச் செய்ய ஆசைப்பட்ட ஸுஜூதை அவசரமாக முடிக்கவேண்டிய நிலை.

இரண்டாவது, மணம். காஸ் அடுப்பு கசிந்து வீடு முழுக்க மணத்த ஒருநாளில், பக்கத்து அறையிலிருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. கிணற்றடியிலிருந்து வந்த மனைவிதான் ஓடிப்போய் மூடினார். கைக்குழந்தை உள்ள வீடு. அல்லாஹ் காப்பாற்றினான்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்தியது. குர்ஆன் ஓதும்போது ‘நூன்’, ‘மீம்’ எழுத்துக்களில் வரும் ‘குன்னா’ என்னும் ஓசையின் பிறப்பிடம் ‘கைஷூம்’, அதாவது மூக்கின் உட்குழி என்று தஜ்வீத் கலை சொல்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘இன்ன’ என்று ஓதிப் பாருங்கள். அந்த ஓசை செத்துவிடும். எனக்கு மூக்கைப் பிடிக்கவே தேவையில்லை. மாலை வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று அடைபட்ட குரலில் ஓதியது. “தடிமனா மகள்?” என்றேன். “இல்ல ஹஸரத், நீங்க ஓதின மாதிரித்தானே ஓதுறேன்” என்றாள். வாயிலிருந்து வாய்க்கு வருகின்ற கல்வி இது. என் நோய் அந்தப் பிள்ளைகளின் ஓதலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஹவுளும் அதன் வாசலும்

நம் முகத்து எலும்புக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு சோடி உண்டு: கன்னங்களில், நெற்றியில், இரு கண்களுக்கும் இடையில், எல்லாவற்றுக்கும் பின்னால். இவற்றின் உட்தோலில் எப்போதும் சளி ஊறிக்கொண்டேயிருக்கும். அது நோயல்ல, தூசையும் கிருமியையும் பிடித்து வெளியேற்றும் காவல் ஏற்பாடு. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் வாசல் மிகச் சிறியது. கன்னத்து அறையின் வாசலோ கீழே இல்லை, மேலே இருக்கிறது. பள்ளிவாசல் ஹவுளின் தண்ணீர் போகும் துளையை அடியில் வைக்காமல் மேல்விளிம்பில் வைத்தாற்போல! அப்படியானால் சளி எப்படி வெளியே வரும்? கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து அதை மேல்நோக்கி அந்த வாசலுக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. ஸுப்ஹானல்லாஹ்!

ஒவ்வாமையாலோ தொற்றாலோ அந்த வாசல் வீங்கி அடைத்தால், உள்ளே தேங்கியது பழுதாகிறது. பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் இது நீடித்தால் நாட்பட்ட நோய் என்கிறார்கள் வைத்தியர்கள். சிலருக்கு உட்தோல் ஊதி, உரித்த திராட்சைப்பழம் போன்ற சதை வளர்ந்துவிடுகிறது. எனக்கு இரு பக்கமும் அதுவே.

சூரிய ஒளியிலிருந்து கண்ணாடிக் கோல் வரை

மூக்குச் சதைக்கு வைத்தியம் இன்று நேற்று தொடங்கியதல்ல. ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்து 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீப்’ நூலின் முப்பதாவது பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். நோயாளியைச் சூரியனுக்கு எதிரே இருத்தி, நாசியை விரித்து, கொளுக்கியால் சதையை இழுத்து வெட்டும் முறையை அதில் எழுதியிருக்கிறார். எட்டாத சதைக்கு, முடிச்சுகள் போட்ட நூலை மூக்கால் விட்டு வாயால் எடுத்து அறுப்பார்களாம். ஆனால் சூரிய ஒளி நேரேதான் போகும். மூக்கின் வளைவுகளுக்குள் திரும்பாது.

1890களில் அமெரிக்கரான கால்ட்வெல், பிரெஞ்சுக்காரரான லூக் ஆகியோர் வேறொரு வழி கண்டார்கள். மேலுதட்டுக்கு உள்ளே வெட்டி, கன்ன எலும்பைத் துளைத்து, உட்தோலைச் சுரண்டி எடுப்பது அது. நம் பெரியவர்கள் ‘பீனிச ஒப்பரேசன்’ என்றதும் முகம் சுளிப்பது இந்தப் பழைய முறையை நினைத்துத்தான்.

இங்கிலாந்தின் பௌதிக அறிஞர் ஹரல்ட் ஹொப்கின்ஸ் கண்ணாடிக் கோல்களை அடுக்கி அமைத்த குழல், உள்ளே ஒளியையும் வெளியே தெளிவான காட்சியையும் தந்தது. அதைக்கொண்டு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து வைத்தியர் வால்டர் மெஸ்ஸர்க்லிங்கர் மூக்குக்குள் ஆண்டுக்கணக்காக நோக்கினார். அவர் கண்டது வியப்பானது. அறைக்கு வேறோர் இடத்தில் துளை போட்டுக் கொடுத்தாலும், நுண்மயிர்கள் சளியை அந்தத் துளைக்குக் கொண்டுபோவதில்லை. படைத்தவன் வைத்த பழைய வாசலைத் தேடியே போகின்றன! ஆகவே புதுவாசல் வெட்டுவதல்ல, இருக்கின்ற வாசலின் அடைப்பை நீக்குவதே சிகிச்சை என்றானது. 1985இல் டேவிட் கெனடி இம்முறையை அமெரிக்காவில் பரப்பினார். இன்று உலகெங்கும் இதுவே வழக்கம்.

கத்திக்கு முன்னும் பின்னும்

எவரும் முதல்நாளே கத்தி எடுப்பதில்லை. எனக்கும் மூன்று மாதம் உப்புநீர்க் கழுவலும் மூக்கு ஸ்பிரேயும் தந்தார்கள். சிலருக்கு அதுவே போதும். எனக்குப் போதாததால் சிரி ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து, தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கினார். கோப்பாய்க்கு அண்மையிலுள்ள மானிப்பாயில், 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, 1867இல் ‘இரணவைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் தந்தார். ஆகவே சகோதரிகளே, “எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்லுங்கள்” என்று வைத்தியரிடம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஆபத்தே இல்லையா? இந்த அறைகளுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது தாளைப் போன்ற மெல்லிய எலும்பு, மேலே மூளை. எனவேதான் ஸ்கான் எடுக்கிறார்கள். கண்ணுக்கோ மூளைக்கோ பாரதூரமான பாதிப்பு ஏற்படுவது நூற்றுக்கு ஒருவர் அளவு அல்லது அதற்கும் குறைவு. அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளை மட்டுமல்ல, நாம் பரக்கத்துக்காகச் சாப்பிடும் கருஞ்சீரக எண்ணெயையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முழு மயக்கத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் குனியக்கூடாது, மூக்குச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்மவேண்டும். அந்நாட்களில் கதிரையிலிருந்து ஸைக்கினையால் தொழுதேன். மார்க்கம் நோயாளிக்குத் தந்த சலுகை அது. வுழூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது நம் ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்து. விட்டாலும் வுழூ கூடும்.

பாதி வைத்தியம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தினமும் உப்புநீரால் மூக்கைக் கழுவாவிட்டால் வாசல் மீண்டும் அடைக்கும். சதையும் திரும்ப வளரலாம். அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டார். ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை, அதில் கால் தொடக்கம் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கிணற்றுநீரை அப்படியே பாவிக்கவே கூடாது. கொதிக்காத நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. கராச்சியிலும் கேரளத்திலும் அதனால் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. ரமழானில் கழுவலையும் ஸ்பிரேயையும் ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் வைத்துக்கொள்ளலாம். நோன்பு நேரத்தில் மூக்குக்குள் ஆழமாகச் செலுத்தினால் நோன்பு முறியும் என்பதே நம் மத்ஹபின் சட்டம்.

ஆறாவது வாரத்தில் ஒரு காலை, மணம் திரும்பியது. முதலில் தெரிந்தது மனைவி தாளித்த கறிவேப்பிலை. அல்ஹம்துலில்லாஹ், மாலை வகுப்பிலும் இப்போது குன்னா குன்னாவாகவே ஒலிக்கிறது.

எனக்காக வீடு முழுவதும் ஓடியது. உம்மா துஆச் செய்தார், மனைவி தண்ணீர் கொதிக்கவைத்தார், மாமி பிள்ளைகளைப் பார்த்தார். இதே நோய் உம்மாவுக்கோ மனைவிக்கோ வந்திருந்தால் நாம் இப்படி ஓடுவோமா? விறகுப் புகைக்கும் மிளகாய் நெடிக்கும் நடுவே நிற்பவர்கள் அவர்கள்தானே! ஆண்கள் இதைச் சிந்திக்கட்டும். சகோதரிகளே, மூன்று மாதத்துக்கு மேல் மூக்கடைப்பும் முகப்பாரமும் மணமின்மையும் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போங்கள், இலவசம்தான். காய்ச்சலோடு கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ அன்றைக்கே போங்கள்.

பொறுமை ஈமானின் பகுதிதான். ஆனால் மருந்திருக்கும் நோயை மறைத்து வைப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை.