வேலியின் பலம் மூலையில்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையின் இருபுறமும் கொறங்காடுகள் கிடக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த அந்த மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது கிளுவை வேலி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டுவிட்டால், சில வருடங்களில் அவை முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொள்ளும். அந்த வேலிக்குள் மாடுகளை விட்டுவிட்டு, காவலுக்கு ஆள் வைக்காமல் வேறு வேலை பார்க்கப் போகலாம். பொறுமையும், அவ்வப்போது கழித்துவிடும் கையும் இருந்தால் போதும்.

இப்போது அதே சாலையோரத்தில் கல்லுக்காலும் கம்பியும் பெருகி வருகின்றன. பாகப்பிரிவினையில் நிலம் துண்டாகிறது. கிளுவை கழிக்க ஆள் கிடைப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய காரணம் நாய்கள். இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டுப் போவது, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் தீராத துயரமாகிவிட்டது. செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலையில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். மாட்டை நிறுத்திய கிளுவையின் அடியில் நாய் நுழைந்துவிடுகிறது. தரையோடு ஒட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பி வலைதான் அதைத் தடுக்கிறது. அந்த விறைப்பு எப்படி வருகிறது, யாருடைய கையால் வருகிறது என்று பார்க்க, ஊதியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலி போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போனேன்.

அறுபதை நெருங்கும் மேஸ்திரி, கட்டுக்கம்பி முடுக்கும் அவருடைய மனைவி, குழி எடுக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், கல் தூக்கவும் வலை விரிக்கவும் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். இவ்வளவுதான் அந்தக் கூட்டம். நான் போனபோது கற்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. நூல் பிடித்து, பத்தடிக்கு ஒன்றாக நட்ட கருங்கற்கள். சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்றிவர ஏறக்குறைய 835 அடி. அப்படியானால் 84 கல். பெரும்பாலான கற்கள் கம்பியைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே நிற்பவை. இழுப்பு முழுவதையும் வாங்கிக்கொள்வது மூலையில் நிற்கும் நான்கு கற்கள்.

மேஸ்திரி என்னை முதலில் கூட்டிப்போனதே மூலைக்குத்தான்.

“கம்பி இழுக்கறத அப்பறம் பாக்கலாமுங்க. மொதல்ல இந்தக் கல்லப் பாருங்க. இது நின்னாத்தானுங்க எல்லாம் நிக்கும்.”

மூலைக்கல் மற்றவற்றைவிடத் தடிப்பானது. குழியும் ஆழம். அதற்கு இரண்டு பக்கமும், வேலி ஓடும் திசையிலேயே, சாய்வாக ஒவ்வொரு முட்டுக்கல். முட்டுக்கல்லின் தலை மூலைக்கல்லின் மேல்பாகத்தில் பொருந்தியிருக்கிறது. அடி, மண்ணுக்குள் கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது. கருங்கல் பெரும் பாரத்தை ஏற்றினாலும் தாங்கும். வளைக்கப் பார்த்தால் முறிந்துவிடும். கம்பியின் இழுப்பு மூலைக்கல்லை வளைக்கத்தான் பார்க்கிறது. முட்டுக்கல் அந்த வளைவைத் தன் உடம்பின் நீளத்துக்கு அமுக்கமாக வாங்கி, மண்ணில் இறக்கிவிடுகிறது. ஐந்து கம்பிகளைக் கம்பிக்கு 60 கிலோ அளவில் இழுத்தாலே மூலைக்கல்லின் மேல் 300 கிலோ. அந்த இழுப்பு, வேலி நிற்கும் வரை, இரவும் பகலும் அங்கேயே இருக்கும்.

நீளமான வரிசை என்றால் நடுவிலும் இருபுறமும் முட்டுக் கொடுத்த கற்கள் வேண்டும். பத்துக் கல்லுக்கு ஒன்று என்பது மேஸ்திரியின் கணக்கு. அவர் சொன்ன காரணம் நியாயமானது: எங்காவது ஒரு கம்பி அறுந்தால், தளர்வு அந்தப் பத்துக் கல்லோடு நின்றுவிடும், அடுத்த பக்கம் பிழைத்துக்கொள்ளும்.

பிறகுதான் கம்பி இழுக்கும் கருவியான புல்லரை எடுத்துக் காட்டினார். ஒரு கையால் தூக்கிவிடலாம். நீண்ட கைப்பிடி, பல்சக்கரம், பல்லில் விழுந்து பின்னுக்குப் போகவிடாமல் தடுக்கும் நாக்கு, எஃகுக் கயிறு சுற்றும் சிறிய உருளை, இரண்டு முனையிலும் கொக்கி. ஒரு கொக்கி மூலைக்கல்லில் சுற்றிய சங்கிலிக்கு, மற்றது கம்பிக்கு. கம்பியைப் பிடிக்க இரும்புத் தாடை ஒன்று இருக்கிறது. இழுக்க இழுக்க அதன் கவ்வு இறுகும். இழுப்பை விட்டால்தான் தாடை திறக்கும்.

புல்லர் வருவதற்கு முன் கடப்பாரைதான். கம்பியைக் கடப்பாரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கல்லில் அண்டைகொடுத்து நெம்புவார்கள். ஒருவர் நெம்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் அவசரமாகக் கட்ட வேண்டும். பிடித்தவர் மூச்சு விட்டால் கம்பி ஓர் அங்குலம் திரும்பிவிடும். அந்த ஓர் அங்குலம் எவ்வளவு பெரியது என்பது கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைக் கம்பி, 100 மீட்டர் நீளம். சுருளின் வளைவும் தொய்வும் நீங்கி நேரான பிறகு, அதில் 50 கிலோ இழுப்பு ஏற்றினால் கம்பி மொத்தமாக நீள்வது 5 சென்டிமீட்டர்தான். அதில் ஓர் அங்குலத்தைக் கட்டும்போது இழந்தால் பாதி விறைப்பு போயிற்று. புல்லரின் நாக்கு செய்யும் பெரிய உதவி இதுதான். பல்லில் விழுந்துவிட்டால், கையை எடுத்தாலும் பிடி விடாது. கட்டுகிறவர் நிதானமாகக் கட்டலாம்.

வலை விரிப்பதைப் பார்த்தேன். ஒடிசா இளைஞர்கள் டைமண்ட் வலைச் சுருளைக் கல் வரிசையோடு உருட்டிப் போய் நிமிர்த்தினார்கள். வலையின் ஓர் ஓரக் கண்களில் மேலிருந்து கீழாக ஓர் இரும்புத் தண்டை ஊசி கோப்பதுபோல் கோத்தார் மேஸ்திரி. தண்டின் மேலிலிருந்தும் கீழிலிருந்தும் இரண்டு சங்கிலிகள் வந்து நடுவில் சேரும். அங்கே புல்லரின் கொக்கி. இப்படி இழுத்தால் மேலும் கீழும் ஒன்றாக வரும். கொக்கியை நேரே மேல்விளிம்பில் மாட்டினால் பார்வைக்கு வேலி நேராக இருக்கும்; அடி தொளதொளவென்று நிற்கும்.

“ஆளுக மேல பாப்பாங்க. நாய் கீழ பாக்குமுங்க,” என்றார் மேஸ்திரியின் மனைவி, குனிந்தபடியே கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டு.

கைப்பிடி முன்னும் பின்னும் போகிறது. டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக நாக்கு விழுகிறது. வலையின் கண்கள் சற்றே நீண்டு, வயிறு தள்ளி நின்ற இடங்கள் உள்வாங்கி, வரிசை முழுவதும் ஒரே தளமாக எழுந்து நிற்கிறது. நூறடிக்கு அப்பால் ஓர் இளைஞர் வலையை உதறிவிட்டுக்கொண்டே வந்தார். கல்லில் உரசி மாட்டிக்கொண்ட இடம் எதுவும் இருந்தால், இழுப்பு அங்கேயே நின்றுவிடும். அதற்கப்பால் வலைக்குப் போய்ச் சேராது. அவர் கை பட்டதும் வலை சிலிர்த்து முன்னே நகர்ந்தது.

வலைக்குள் ஓடும் லைன் கம்பிகளையும், வலைக்கு மேலே போகும் முள்கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுத்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்ததை இழுக்கும்போது, மூலைக்கல் மயிரிழை அளவு உள்ளே வரும். முதலில் கட்டியது அந்த அளவுக்குத் தளரும். எனவே கடைசிக் கம்பி முடிந்ததும் மேஸ்திரி முதல் கம்பிக்குத் திரும்பி வருகிறார். பத்தடி இடைவெளியின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார், தாழ்வதைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், அல்லது மறுபடி புல்லரை மாட்டுகிறார். 50 கிலோ இழுப்பில் இருக்கும் கம்பி, நடுவில் 2 கிலோ அழுத்தத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தாழும். அவரிடம் அளவுகோல் இல்லை. அந்தக் கட்டைவிரல் பல ஆயிரம் கம்பிகளை அழுத்திப் பழகியது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலின் உச்சமான அறிவு. கைப்பிடி 16 அங்குலம், உருளையின் ஆரம் ஓர் அங்குலம் என்றால், கையால் 20 கிலோ அழுத்தும்போது கயிற்றில் 320 கிலோ வர வேண்டும். உராய்வில் கொஞ்சம் போனாலும் 200 கிலோவுக்குக் குறையாது. சாதாரண 2.5 மில்லிமீட்டர் கம்பி அறுவதும் 200 கிலோவை ஒட்டித்தான். கருவியின் பலம் கம்பியின் பலத்தைத் தாண்டிவிட்டது. இளந்தாரி ஒருவர் ஆர்வத்தில் இன்னும் இரண்டு பல் ஏற்றிவிட்டால் கம்பி போய்விடும். கம்பி தாங்கினால் கல் போய்விடும். அதனால் கைப்பிடியை மேஸ்திரி அவசரக்காரர்களிடம் கொடுப்பதில்லை.

“இழுக்கறதுக்கு ஆரு வேணாலும் இழுக்கலாமுங்க. எப்ப விடோணும்னு தெரியோணும்.”

நேரத்தையும் பார்க்கிறார். விடிகாலைக் குளிரில் இழுத்தால் ஒரு பல் கூட. உச்சி வெயிலில் என்றால் ஒரு பல் குறைவு. இரும்பு வெயிலில் நீளும்: 100 மீட்டர் கம்பி 20 டிகிரி சூடேறினால் சுமார் 2.4 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் நீட்சியில் நிற்கும் விறைப்பில் ஏறக்குறைய பாதி, காலைக்கும் மதியத்துக்கும் இடையே ஏறி இறங்குகிறது. குளிர்ந்த நேரத்தில் அளவாக இழுத்தது மதியம் தொய்யும். மதியம் முறுக்காக இழுத்தது மார்கழி விடியலில் கல்லைப் பிடித்து இழுக்கும். பள்ளிக்கூடப் பாடத்தில் ரயில் தண்டவாளத்தின் இடைவெளிக்குச் சொல்லப்படும் அதே விதியை, இவர் ஒரு பல் ஏற்றியும் ஒரு பல் குறைத்தும் கையாள்கிறார்.

இந்த வகைக் கருவிக்கு வேறு மண்ணில் மதிப்புமிக்க வரலாறு உண்டு. இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் 1874-ல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மரமும் கல்லும் அரிதான சமவெளிகள் எங்கும் கம்பி வேலி பரவியது. வேலி பெருகியதும் அதை விறைப்பாக்கும் கருவி தேவைப்பட்டது. நியூசிலாந்தின் மத்திய ஒடாகோவில் ஓடுரெஹுவா என்ற சிற்றூர். அங்கே 1895-ல் பட்டறை தொடங்கிய எர்னஸ்ட் ஹேய்ஸ், ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்காகக் கம்பி இழுக்கும் கருவிகளை வடிவமைத்தார். அவர் மனைவி ஹன்னா சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் அவற்றுக்கு ஆர்டர் பிடித்தார். 1924-ல் ஹேய்ஸ் உருவாக்கிய பேரலல் வயர் ஸ்ட்ரெய்னர் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தப் பட்டறையை நியூசிலாந்து தன் மரபுச் சின்னமாகக் காத்து வருகிறது. வேலி கட்டுகிறவரின் கைக்கருவியை ஒரு நாடு இவ்வளவு பொறுப்போடு வைத்திருக்கிறது என்பதை நம் ஊர் மேஸ்திரிகளின் பக்கத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது முக்கியமாகப் பட்டது.

இங்கே அந்தப் பொறுப்பு கையுறை அளவுக்குக்கூட வரவில்லை. மேஸ்திரியின் முன்கையில் முள்கம்பி கிழித்த தழும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவர் மனைவியின் விரல் நுனிகள் கட்டுக்கம்பியால் காய்த்துப்போயிருக்கின்றன. இழுப்பில் நிற்கும் கம்பி அறுந்தால், சேர்த்து வைத்திருக்கும் விசையோடு சுருண்டு திரும்பும். முகத்தில் பட்டால் கண் போகும். அதனால் இழுக்கும்போது கம்பியின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடுவதில்லை மேஸ்திரி. தானும் கல்லைத் தனக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்துக்கொண்டே இழுக்கிறார். தளர்த்துவதும் ஒவ்வொரு பல்லாகத்தான். நாக்கை ஒரேயடியாகத் தூக்கினால் கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். இவையெல்லாம் அவர் அந்த இரண்டு இளைஞர்களுக்கும் சைகையும் அரைகுறை இந்தியுமாகச் சொல்லிக்கொடுத்தவை. தோல் கையுறையும் கண்ணாடியும் இருந்தால் இந்த அறிவோடு பாதுகாப்பும் சேரும்.

கூலிப் பேச்சு வந்தபோது அவர் குரல் இறங்கியது. வேலி வேலைக்கு அடிக்கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். கல், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து அடிக்கு இவ்வளவு என்று.

“அடிக்கு இத்தனைன்னா, முட்டுக்கல்லு அந்த அடியில எங்கீங்க வருது? அதக் கொறச்சாத்தான் வெல கட்டும்னு நெறயப் பேரு விட்டுட்டுப் போயர்றாங்க. ரெண்டு மழைக்குக் கல்லு சாஞ்சுபோவுது. அப்பறம் வேலிக்காரன் ஏமாத்திட்டான்னு பேருங்க.”

இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அவருடைய இந்தப் பேச்சில் இருக்கிறது. அடிக்கணக்கு என்பது நீளத்துக்கு மட்டும் கொடுக்கும் விலை. வேலியின் ஆயுளோ நீளத்தில் இல்லை. மூலையில் இருக்கிறது, முட்டுக்கல்லின் அடியில் இருக்கிறது, கடைசிக் கம்பி முடிந்தபின் முதல் கம்பிக்குத் திரும்பி வரும் அந்த நடையில் இருக்கிறது. இவற்றுக்கு விலைப்பட்டியலில் இடமே இல்லாதபோது, ஒழுங்காகச் செய்கிறவர் விலையில் தோற்கிறார். மூலையில் கைவைத்தவர் வேலையைப் பிடிக்கிறார். நல்ல கைகள் இப்படித்தான் தொழிலைவிட்டுப் போகின்றன.

வேலி போட நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மூலைக்கல்லையும் முட்டுக்கல்லையும் அடிக்கணக்கிலிருந்து பிரித்து, எண்ணிக்கை வைத்துத் தனியாக விலை பேசுங்கள். மண் கெட்டிப்பட்டு, முதல் பருவமழை முடிந்தபின், புல்லரோடு மறுபடி வந்து விறைப்பைச் சரிபார்க்க ஒருநாள் கூலியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். கையுறைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவு ஒரு கல்லின் விலைக்குள் அடங்கிவிடும். அதையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மேஸ்திரி முதல் கம்பிக்குத் திரும்பிப் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் நேரத்தில் “இன்னும் முடியலையா?” என்று அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் ஆடுகள் உயிரோடு இருப்பதற்காக அவர் செலவிடும் நேரம் அது. அதற்கும் கூலி உண்டு.